அமுக்கிய மூடிகள்

கிடங்கின் கடைசி அலமாரியில் மூன்று மீன் டின்கள் இருந்தன. மூன்றுக்கும் வயிறு உப்பியிருந்தது. கடைக்காரர் தினமும் காலையில் வந்து, மூடிகளைக் கட்டைவிரலால் உள்ளே அமுக்கிவிட்டுப் போவார்.

"அண்ணே, எனக்குள்ளே மீன் கெட்டுப்போச்சு. மூச்சு முட்டுது," என்றது நடு டின்.

"எனக்கும்தான். அதுக்காக வெளியே காட்டிக்கிறதா? அதிகாரிக்குத் தெரிஞ்சா எல்லாரையும் குழியில தள்ளிருவாங்க," என்று அதட்டியது இடப்பக்கத்து டின்.

அப்போது முன்கடையில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. "காய்ச்சல் விட்டு இன்னைக்குத்தான் பிள்ளை சோறு கேட்டிருக்கு. மீன் டின் ஒண்ணு குடுங்க."

கடைக்காரர் வந்து வலப்பக்கத்து டின்னை எடுத்தார். மூடியை இன்னொரு தடவை அமுக்கி, துணியால் பளபளவென்று துடைத்துக் கொண்டுபோனார்.

மறுநாள் உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். நடு டின்னை எடுத்து மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். அமுக்கி வைத்திருந்த மூடி 'டொக்'கென்று வெளியே தள்ளியது. கிடங்கிலிருந்த சரக்கு முழுவதையும் பறிமுதல் செய்து, ஊருக்கு வெளியே வெட்டிய குழியில் கொட்டினார்கள். மேலே பிளீச்சிங் பவுடரைத் தூவினார்கள்.

"நம்ம பக்கத்துல இருந்தானே, அவன் எங்கே அண்ணே?" என்று கேட்டது நடு டின்.

"அவன்தான் நேத்தே வீடு போய்ச் சேர்ந்துட்டானே."

"கொடுத்து வச்சவன்," என்றது நடு டின்.

முதல் கூடை மண் விழுந்தது.