இரண்டாவது பெட்டி

"இந்தப் பெட்டியில என்ன பீரானே?"

மீன்காரர் பீரான் தடுப்பதற்குள் சௌதாமினி டீச்சர் மூடியைத் திறந்துவிட்டார். திறந்த வேகத்திலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார். பீரானின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே ஓடிவரும் டீச்சர் வீட்டுப் பூனைகூட இரண்டடி தள்ளிப் போய் உட்கார்ந்தது.

"அது உங்களுக்கில்ல டீச்சரே. உங்களுக்கு முதல் பெட்டி. விடிகாலையில பிடிச்ச அயிலை. கண்ணைப் பாருங்க, எப்படி மினுங்குது!"

"அப்ப இந்த அழுகல் யாருக்கு?"

"அழுகல்னு சொல்லாதீங்க. நாலு நாள் ஆச்சு, அவ்வளவுதான். பைபாஸ் ஹோட்டலுக்குப் போகுது. லாரிக்காரங்க சாப்பிடுவாங்க."

"அவங்க மனுஷங்க இல்லையா?"

"மனுஷங்கதான். ஆனா முன்னப்பின்ன தெரியாதவங்க. மிளகாயைப் போட்டுப் பொரிச்சா ஒண்ணும் ஆகாது. நூத்துல ஒருத்தனுக்கு வயித்தைக் கலக்கும். அதுக்குள்ள அவன் கோவா தாண்டியிருப்பான்."

டீச்சருக்குச் சுர்ரென்று ஏறியது. முப்பது வருஷம் நீதிபோதனை வகுப்பு எடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு கேட்க ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார்.

"கோவா தாண்டினா பாவம் ஒட்டாதா? உன் உம்மாவுக்கு இதைப் பொரிச்சுக் கொடுப்பியா?"

"உம்மாவுக்கா? படச்சோனே! அது முகத்தை நான் தினம் பார்க்கணுமே டீச்சரே."

"லாரிக்காரனுக்கும் வீட்டுல ஒரு அம்மா இருப்பா!"

"எல்லாரும் செய்யறதைத்தானே நானும் செய்யறேன்..."

"எல்லாரும் செஞ்சா சரியாயிடுமா?"

பத்து நிமிடம் வகுப்பு நடந்தது. பீரான் தராசைப் பிடித்தபடி தலைகுனிந்து நின்றார். பூனை கொட்டாவி விட்டது.

மனசு நிறைந்த டீச்சர், வீட்டுக்கு அரைக் கிலோ புது அயிலை வாங்கிக்கொண்டார். அப்புறம் தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பீரானே, மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு இலையில கட்டின பொதிச்சோறு கொடுக்க இன்னைக்கு எங்க தெரு முறை. எங்க வீட்டுல இருந்து அஞ்சு பொதி. பதினோரு மணிக்கு வாங்கிட்டுப் போக வந்துடுவாங்க. அதுக்கு... அந்த ரெண்டாவது பெட்டியில இருந்து ஒரு கிலோ போடேன்."

"எதுல இருந்து?"

"அதுலதான். மிளகாயைத் தூக்கலாப் போட்டு மொறுமொறுன்னு பொரிச்சுடறேன். ஒண்ணும் ஆகாது."

பீரான் டீச்சரையே ஒரு கணம் பார்த்தார். பெட்டிகள் பக்கம் திரும்பிக் குனிந்து எடை போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

சமையலறையில் வாட்டிய வாழையிலைகள் தயாராக இருந்தன. ஒவ்வொரு பொதிக்குள்ளும் வைக்க, 'சீக்கிரம் குணமாகட்டும்' என்று டீச்சர் தன் அழகான கையெழுத்தில் எழுதிய ஐந்து சீட்டுகளும் இருந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கிலோ மீன் பையைப் பிரித்தார்.

அத்தனையும் மினுங்கும் புது அயிலை.

டீச்சர் வாசலுக்கு ஓடினார். பீரான் அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"பீரானே, பெட்டி மாத்திப் போட்டுட்டியே!"

"மாத்திப் போடல டீச்சரே. உம்மா மூணு வாரமா அந்த ஆஸ்பத்திரியிலதான் கிடக்குது. மத்தியானம் பொதிச்சோறுதான்."

பீரான் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்.

"உங்க அஞ்சு பொதியில எது உம்மா கைக்குப் போகும்னு யாருக்குத் தெரியும்?"