பிணத்துக்குப் பெயர் எதற்கு

நாலாவது முறையும் பிணம் கண்ணைத் திறந்தது.

"கட்!" என்று டைரக்டர் கிரேடி கத்திய கத்தலில் வேலியோரம் கட்டியிருந்த குதிரைகள் மிரண்டன. அவர் கத்துவது குதிரைகளுக்குப் பழக்கம்தான். இன்று அவைகூடப் பயந்துபோயின.

மெர்வினுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஹாலிவுட்டில் உதவி டைரக்டராக ஒன்பது வருடம். டிவிக்கு வாரம் ஒரு கௌபாய் கதை, கதைக்கு ஆறு பிணம். குதிரையிலிருந்து விழுந்து செத்திருக்கிறார்கள், சாராயக்கடை மாடியிலிருந்து விழுந்து செத்திருக்கிறார்கள். செத்த பிறகு எவனும் இப்படி அவன் உயிரை வாங்கியதில்லை.

காட்சி என்னவோ அரை நிமிடம்தான். பதினைந்து வருடம் கழித்து ஷெரிப் வீடு திரும்புகிறார். மாட்டுத் திருடர்கள் சுட்டுப்போட்ட அப்பா வாசலில் கிடக்கிறார். ஷெரிப் மண்டியிட்டு, "அப்பா, நான் வந்துட்டேன்" என்று சொல்லி அழவேண்டும். அந்த வசனம் வாயிலிருந்து விழுந்ததோ இல்லையோ, கிழவர் கண்ணைத் திறந்துவிடுகிறார்.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. படப்பிடிப்புக்கு வாடகைக்கு எடுத்த இந்தப் பண்ணை இன்று மாலை வரைதான் இவர்களுக்கு. நாளை வேறு கம்பெனி வருகிறது. "இந்த ஷாட் கெடைக்கலேன்னா நாளைக்கு நீ வேலைக்கு வராதே" என்று கிரேடி சொல்லியாயிற்று. மெர்வினைத்தான் சொன்னார், பிணத்தை இல்லை.

மெர்வின் கிழவரிடம் குனிந்தான். சட்டையெல்லாம் ரத்தம். கறுப்பு வெள்ளை டிவிக்கு அது போதும் என்று சாக்லேட் பாகைத்தான் ஊற்றுவார்கள். எறும்பு ஏறியிருந்தது.

"யோவ் பெரிசு, எறும்பு கடிக்குதா?"

"இல்ல தம்பி."

"பின்ன என்னதான்யா உமக்கு? செத்துக் கெடக்கறதவிட சுலபமான வேலை ஒண்ணு உண்டா?"

"தன்னால தெறந்துக்குது. இனிமே பாத்துக்கறேன்."

காலையில் வரவேண்டிய நடிகர் வயிற்றுப்போக்கென்று வரவில்லை. ஸ்டுடியோ வாசலில் வேலைக்கு நின்ற கூட்டத்திலிருந்து மெர்வினே கைகாட்டிக் கூட்டிவந்த ஆள் இவர். மூன்று வாரமாக அங்கேயே நின்றாராம். எந்தத் தொடர் என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டுதான் வண்டியில் ஏறினார். மெர்வினோ அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. பிணத்துக்குப் பெயர் எதற்கு?

ஐந்தாவது முறையும் அதே கதைதான்.

இப்போது பொறுமை போனது ஹீரோ வேட் ஸ்டெர்லிங்குக்கு. நாடே வியாழக்கிழமை தோறும் சாப்பாட்டுத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்து பார்க்கிற முகம். டெக்சாஸில் பிறந்த அநாதை என்று பத்திரிகைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். பெயரும் கம்பெனி சூட்டியதுதான். ஒப்பந்தத் தாளில் அந்தோனின் ஜெலின்கா என்றிருக்கும். சொன்னால் நாக்கு சுளுக்கும், வெளியே சொன்னால் வேலை போகும். தாளைக் கையில் எடுக்கிற மெர்வின் மாதிரி நாலைந்து பேருக்குத்தான் அது தெரியும்.

வேட் கேமரா பக்கம் முகத்தைக் காட்டி அழுகிற ஆள். கீழே கிடப்பது யார் என்று பார்க்கிற வழக்கமில்லை. இந்த முறைதான் ஆத்திரத்தில் குனிந்து கிழவரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். பார்த்தவர் தன் ஒப்பனை வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பத்து நிமிடம் ஆயிற்று. நிழல் வாசல்படி வரை நீண்டுவிட்டது. கதவை உதைத்துத் திறக்கலாமா என்றிருந்தது மெர்வினுக்கு. பெரிய மனிதர்கள் கோபித்துக்கொண்டால் சூரியனும் காத்திருக்க வேண்டுமாம்!

கடைசியில் கதவு திறந்தது.

"சார், ஆளை மாத்திரலாம். குதிரைக்காரனப் படுக்கவெச்சா..."

"வேண்டாம்," என்றார் வேட். "அவரே இருக்கட்டும். மூஞ்சிமேல ஒரு தொப்பிய வெச்சிருங்க."

செத்தவன் முகத்தைத் தொப்பியால் மூடுவது இந்தக் கதைகளில் எப்போதும் உள்ளதுதான். இது மதியமே தோன்றாமல் போயிற்றே என்று மெர்வின் தன்னையே திட்டிக்கொண்டான்.

ஆறாவது முறை.

வேட் மண்டியிட்டார். இரண்டு தரம் வாயைத் திறந்து மூடி, பிறகுதான் அந்த வசனத்தைச் சொன்னார். அழுதார். கிரேடி "கட்" சொன்ன பிறகும் அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

தொப்பி அசையவே இல்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். வேட் எழுந்தார், யாரையும் பார்க்காமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

மெர்வினுக்கு நிம்மதிகூட வரவில்லை. ஒரு பகலையே வீணடித்த கிழவர்மேல் கடுப்புதான் மிஞ்சியிருந்தது. வருகைச் சீட்டை அவரிடம் நீட்டினான். கிழவர் விரலில் ஒட்டிய பாகைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

"அழற சத்தம் கேட்டுச்சு தம்பி," என்றார். "நெசமாவே அழுதாரா, இல்ல நடிப்பா? தொப்பி மறைச்சிருச்சு, எனக்குத் தெரியல."

"அழறதுக்குத்தானய்யா அவருக்குச் சம்பளம்!" என்றபடி மெர்வின் சீட்டை வெடுக்கென்று வாங்கிப் பெயரைச் சரிபார்த்தான்.

ஃபிரான்டிசெக் ஜெலின்கா.

வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். நாக்கு சுளுக்கியது.

சாலையில் கார் கிளப்பிவிட்டுப் போன புழுதி இன்னும் அடங்கவில்லை. கிழவர் அதைப் பார்த்துக்கொண்டு, பதிலுக்காக நின்றிருந்தார்.

"நெசமாத்தாங்க ஐயா," என்றான் மெர்வின். "நெசமாத்தான் அழுதாரு."