பெரிய வெள்ளிப் புட்டு

“எடியே லவீனா, பெரிய வெள்ளியிலையும் உனக்கு வாய் அடங்காதே?”

சிலுவைப்பாதைக்குக் கூப்பிட வந்த பக்கத்து வீட்டு யோசப்பினக்கா வாசலிலையே நிண்டுவிட்டா. குருநகரிலை ஒருசந்தி விரதம் எண்டால் யோசப்பின்தான். காலமையிலை இருந்து பச்சைத்தண்ணி பல்லிலை படேல்லை.

உள்ளுக்கு லவீனா புட்டும் மீன்குழம்பும் குழைச்சு ஒரு வெட்டு வெட்டிக்கொண்டிருந்தாள். அதுவும் எங்கை? மகன் றஜிந்தனுக்கு நேர் முன்னாலை! கழுத்து நில்லாத நாலு வயசுப் பிள்ளை. கதிரையிலை நிமித்திக் கட்டி இருத்தியிருந்தது. மூக்காலை போட்ட ரியூப் குழாய்க்குள்ளாலை பால் இறங்கிக்கொண்டிருந்தது.

“வாயாலை ஒண்டும் தின்ன ஏலாத பிள்ளை. அதைப் பாக்க வைச்சுத் திங்கிறியே, நீயெல்லாம் ஒரு தாயே?”

பொறுக்கமாட்டாமல் யோசப்பின் ஒரு கிள்ளுப் புட்டைப் பிள்ளையின்ரை வாயடிக்குக் கொண்டுபோனா. லவீனா பாய்ஞ்சு கையைப் பிடிச்சாள்.

“ஐயோ அக்கா, வேண்டாம்! புரையேறி நெஞ்சுக்குள்ளை போயிடும். போன மாசமும் நியூமோனியாவிலை கிடந்தவன்.”

“அப்ப நீ மட்டும் தின்னலாமோ?”

“சாப்பாடு பழக்கிற தெரப்பி மிஸ்தான் சொன்னவ. ரியூபாலை பால் போகேக்கை ஆராவது முன்னாலை இருந்து சாப்பிட வேணுமாம். கண்டு, மணந்து, வயிறும் நிரம்பினால்தான் சாப்பாடு எண்டால் என்னெண்டு பிள்ளைக்கு விளங்குமாம். செவ்வாய்க்கிழமை கிளினிக். அதுக்குள்ளை தானா வாயைத் திறந்தால், விரலாலை ருசி காட்டித் தொடங்கலாமாம். இல்லாட்டி வயித்திலை துளை போட்டு ரியூப் வைக்கிறதாம். ஒருநாளும் திறக்கேல்லை அக்கா.”

லவீனாவின்ரை கண் கலங்கிப்போச்சு.

“விடியத்திலை இருந்து மூண்டாந்தரம் சாப்பிடுறன். இனி ஒரு பிடியும் இறங்காது. ஓங்காளிச்சுச் சத்தி வருகுது.”

அந்த நேரம் பாத்து றஜிந்தனின்ரை சொண்டு அசைஞ்சது. நாக்கு நுனி மெல்ல வெளியிலை வந்தது.

“நிப்பாட்டாதை! சாப்பிடடி!” எண்டு யோசப்பின் கத்தினா.

“ஏலாதக்கா...” லவீனா வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள்.

யோசப்பின் சுவர்ச் சிலுவையிலை இருந்த பாடுபட்ட சுரூபத்தை ஒருக்காப் பாத்தா. பிறகு புட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு பிள்ளைக்கு முன்னாலை இருந்தா.

றஜிந்தன் ‘ஆ’வெண்டு வாயைத் திறந்தான்.

ஒழுங்கையிலை பெண்டுகளின்ரை சத்தம். “யோசப்பினக்கா, சிலுவைப்பாதை தொடங்கப்போகுது! உள்ளுக்கு என்ன செய்யிறியள்?”

வாய் நிறைஞ்ச புட்டோடை, ஊருக்கே கேக்க யோசப்பின் சொன்னா:

“நீங்கள் போங்கோ! நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன்!”