பின்சீட்டில் ஏறிய பாரம்

அப்பாவின் பழைய காரில் மங்கிய முகப்பு விளக்குகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பொருத்தி முடிக்க மாலையாகிவிட்டது. "இந்த வெளிச்சத்துல ராத்திரிப் பயணமா?" என்று சொல்லிச் சொல்லியே, அம்மாவுக்கு வாக்களித்த கடற்கரைப் பயணத்தை அப்பா காலமாகும் வரை தள்ளிப்போட்டிருந்தார். இன்று அம்மாவை நான் அழைத்துச் செல்வதாக இருந்தேன்.

மெக்கானிக் அண்ணன் காரைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, சாக்பீஸ் கோட்டின்மேல் ஒளி படியுமாறு திருகுகளைச் சரிசெய்தார். அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்ததும் ஒளி கோட்டைத் தாண்டி மேலே ஏறியது.

"பின்சீட்ல யாருங்க? பின்னாடி பாரம் ஏறினா வெளிச்சம் தூக்கும். கொஞ்சம் இறங்குங்க."

காரில் எவரும் இல்லை. பின்சீட்டின் வலது ஓரம் மட்டும் நன்றாக அமிழ்ந்திருந்தது.

என் பக்கத்தில் நின்றிருந்த அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாத்தியாடா! வெளிச்சம் சரியானதும் உங்கப்பா முதல் ஆளா ஏறிட்டாரு."

"அப்ப ஐயாவையும் சேர்த்தே செட் பண்ணிடறேன்மா" என்று மெக்கானிக் அண்ணன் மிகுந்த மரியாதையுடன் மீண்டும் திருகினார். ஒளி கோட்டில் வந்து நின்றது.

அம்மா வலப்பக்கத்துப் பின்கதவைத் திறந்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க. நானும் வரேன்ல?"

சுவரில் இரண்டு ஒளிவட்டங்களும் மெல்ல இடப்பக்கம் சாய்ந்தன.