ஒரே பக்கம்

"மூணு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஒண்ணுதான் வந்திருக்கு. மீதி எங்கம்மா?"

டைப்பிங் சென்டரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார் லாரி டிரைவர். பக்கத்தில் மகள் நெளிந்தாள். அவளுடைய பயோடேட்டாவை நாலு நாள் உட்கார்ந்து அவரே கைப்பட எழுதியிருந்தார்.

"வேண்டாததை எடுத்துட்டேன் சார்" என்றாள் டைப்பிஸ்ட்.

"ஆறாங்கிளாஸ்ல பாட்டுப் போட்டியில முதல் பரிசு. அது வேண்டாததா?"

"குடோன் சூப்பர்வைசர் வேலை சார். அங்க யாரும் பாடச் சொல்ல மாட்டாங்க."

"சரி, இருபது வருஷம் விபத்தே இல்லாம ஓட்டினதுக்கு நான் வாங்கின மெடல்?"

"அது உங்க பயோடேட்டால வரணும்."

மகள் சிரித்துவிட்டாள். டிரைவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

டைப்பிஸ்ட் அதைக் கண்டுகொள்ளாமல் மகளைக் கேட்டாள். "இப்ப இருக்கிற கடையில நீ என்ன செஞ்ச? பதவியைச் சொல்லாதே. செஞ்சதைச் சொல்லு."

"சரக்கையெல்லாம் தேதிவாரியா அடுக்கி வச்சேன்க்கா. கெட்டுப்போய்த் தூக்கிப் போடறது பாதியாக் குறைஞ்சுது."

"அடிப்பாவி! இதைப் போய் எழுதாம விட்டீங்களே!"

அதையே முதல் வரியாக அடித்துக் கொடுத்தாள். டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப்போனார்.

மூன்றாவது வாரம் வேலை கிடைத்துவிட்டது. விண்ணப்பித்த எண்பது பேரில் அவர் மகள் ஒருத்திக்குத்தான். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் போகிறவரையெல்லாம் நிறுத்திவைத்துச் சொன்னார்.

"என் பொண்ணாச்சே! அந்தம்மா ரெண்டு பக்கத்தை வெட்டியும் ஜெயிச்சுட்டா. மூணும் போயிருந்தா மேனேஜராவே ஆக்கியிருப்பாங்க!"

வீட்டுக்குள் வந்ததும் மகள் சொன்னாள்: "அவங்களைக் குறை சொல்லாதீங்கப்பா. இன்டர்வியூல என்கிட்ட கேட்ட கேள்வியெல்லாம் அந்த முதல் வரியை வச்சுத்தான்."

"இருக்கட்டுமே. அவங்க தொழிலை அவங்க செஞ்சாங்க. இதுல என்ன பெரிய பெருமை?"

"பெருமைதான்ப்பா. கடைசியாக் கூப்பிட்ட ரெண்டு பேர்ல நான் ஒருத்தி. இன்னொருத்தர் அந்த அக்கா. நமக்கு அடிச்சுக் கொடுக்கறதுக்கு முந்தின நாளே அதே வேலைக்கு அவங்களும் எழுதிப் போட்டிருந்தாங்களாம்."