முதுகுக்குப் பின்னால் மூடிய கை

இருபதுக்குப் பத்தொன்பது. இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் ஜெயித்துத் தொலைத்துவிடுவோம்.

ஜெயிக்கக் கூடாது என்று காலையிலேயே சொல்லியாகிவிட்டது.

அரங்கத்துக்கு வரும் பேருந்தில் கோச் பெங் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வாயில் பாக்கு. எங்கள் ஹூனான்காரர்கள் சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டு மெல்லும் பாக்கு. அந்த இனிப்பு நாற்றத்தோடு என் காதுக்குள் பேசினார்.

“நம்ம லூ ஜோடி இன்னிக்கு உங்களை ஜெயிச்சு ஃபைனல் ஆடினா அவங்களுக்கு ஒலிம்பிக் இடம் உறுதி. உங்களுக்குப் பத்தொன்பது வயசுதானே, என்ன அவசரம்? மூணாவது செட்டுல கழண்டுக்குங்க. பாக்கறவனுக்கு மட்டும் ஆட்டமா தெரியணும்.”

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. எங்களுக்கே தெரியும். பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்கு, யியாங்குக்கு, ரயில் ஏற வேண்டியதுதான். ஏழு வயதில் தலைமுடியை ஒட்ட வெட்டி, பாட்மிண்டன் ஆட விளையாட்டுப் பள்ளியில் விட்டதிலிருந்து பட்ட பாடெல்லாம் அதோடு போச்சு.

“சரி கோச்” என்றேன். முன் சீட்டிலிருந்த ருவோஷியும் தலையாட்டினாள்.

ருவோஷிதான் என் ஜோடி. பன்னிரண்டு வருடமாக ஒரே அறை. அவள் தூக்கத்தில் புரண்டால் எனக்கு விழிப்பு வரும்.

ஆட்டத்தில் மைதான ஓரம் இரண்டு நாற்காலியும் காலியாகக் கிடந்தன. சொந்த அணிக்குள்ளேயே இரண்டு ஜோடிகள் மோதினால் கோச்சுகள் வந்து உட்காருவதில்லை. பாரபட்சம் கூடாதாம். தூ!

கூட்டம் என்ன, காதில் பூ வைத்துக்கொண்டா வந்திருக்கிறது? மூன்றாவது செட் தொடங்கியதுமே மேல் வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்.

“டிக்கெட் காசைத் திருப்பிக் குடுங்கடி!”

எல்லோரும் சிரித்தார்கள். அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கண் கூசியது.

எங்களுக்குள் ஒரு ஜாடை உண்டு. விளையாட்டுப் பள்ளியில் பெரிய பெண்கள் எங்களைத் தோற்கச் சொல்லி மிரட்டிய காலத்தில் நாங்களே செய்துகொண்டது. சர்வீஸ் போடப் போகிறவள் முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டுவாள். விரித்த கை என்றால், விட்டுவிடு. மூடிய கை என்றால், விடாதே.

மூன்றாவது செட்டில் ருவோஷி விரித்த கையைத்தான் காட்டிக்கொண்டிருந்தாள். நானும் வெளியே அடித்துக்கொண்டிருந்தேன்.

பதினான்குக்குப் பதினேழு. வலைக்கு அந்தப் பக்கம் லூ கொட்டாவி விட்டாள். கையால் வாயை மறைக்கக்கூட இல்லை.

ருவோஷி அதைப் பார்த்தாள். அடுத்த சர்வீஸிலிருந்து கையை மூடிக்கொண்டாள்.

அப்படித்தான் இருபதுக்கு வந்து நிற்கிறோம்.

இப்போதும் மூடித்தான் காட்டுகிறாள். விரல் முட்டிகள் வெளுத்துப்போயிருக்கின்றன.

“அடியே” என்றாள், திரும்பாமல். அவ்வளவுதான்.

சர்வீஸ் போட்டாள். லூ பதறிப்போய்ப் பந்தைத் தூக்கிவிட்டாள். பந்து என் தலைக்கு மேலே, வா, வந்து அடி என்பதுபோல நின்றது. பள்ளிப் பிள்ளைகூட அடித்துவிடும்.

எம்பினேன். அடித்தேன்.

பந்து வலையின் மேல் பட்டையில் மோதி எங்கள் பக்கமே விழுந்தது.

ருவோஷி திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். மிச்சமிருந்த இரண்டு புள்ளியும் தாமாகவே போயின.

உடை மாற்றும் அறை வாசலில் கோச் பெங் காத்திருந்தார். ருவோஷி உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

“அந்தக் கடைசி அடி இருக்கே, அடடா! நானே நம்பிட்டேன்டி. என்ன அழகா வலையில செருகினே!”

சட்டைப்பையிலிருந்து ஒரு பாக்கை எடுத்து நீட்டினார். பெரிய ஆட்டக்காரர்களுக்கு மட்டும்தான் அவர் பாக்குக் கொடுப்பார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் போனை எடுத்துக் காட்டினார். ஆட்டத்தின் வீடியோ. ருவோஷியின் முதுகில் நிறுத்தி வைத்திருந்தார்.

“பதினாலுக்கு அப்புறம் எல்லா சர்வீஸுக்கும் இப்படிக் கையை மூடறா. என்னடி அர்த்தம் இதுக்கு?”

குட்டை சர்வீஸுக்கான ஜாடை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எல்லா ஜோடிக்கும் இருப்பதுதான். அவரும் நம்பியிருப்பார்.

“விடாதேன்னு அர்த்தம், கோச். அவ ஆடச் சொன்னா. நான்தான் கேக்கலை.”

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

மறுநாள் காலை என் அறையில் ஒரு கட்டிலில் மெத்தை மட்டும்தான் இருந்தது. விரிப்பைக்கூட மடித்து வைத்துவிட்டு ருவோஷி யியாங் ரயிலுக்குப் போயிருந்தாள். மாலைக்குள் கதவில் என் பெயருக்குக் கீழே வேறு ஒருத்தியின் பெயரை ஒட்டிவிட்டார்கள்.

ஆறு வருடம் ஆயிற்று. மூன்று ஜோடி மாறிவிட்டேன், ஏழு பதக்கம் வாங்கிவிட்டேன். புதிதாக வரும் பெண்களுக்கு இன்றைக்கும் கோச் பெங் என்னைத்தான் காட்டுகிறார்: “சொன்ன பேச்சு கேட்டா. எங்க இருக்கா பாருங்க.”

எந்தப் பேச்சைக் கேட்டேன், சீ! அந்தப் பந்தை உடம்பிலிருந்த பலத்தையெல்லாம் சேர்த்து ஜெயிக்கத்தான் அடித்தேன். அடி தவறிவிட்டது, அவ்வளவுதான்.