வந்த தேதி, போன தேதி

றக்வான மலைத்தோட்டத்தில் அந்தக்காலத் துரை எழுதிவைத்த பறவை அட்டைகளைக் கணினியில் ஏற்ற நாங்கள் இரண்டு தொண்டர்கள். கிளாக்கர் ஐயா வேலையைப் பிரித்தார்: பறவைகள் வந்த தேதிகள் யோகராணிக்கு, போன தேதிகள் எனக்கு.

அவள் ஆறுமணிக்குருவி என்று தட்டினால், ஜன்னலில் ஆறுமணிக்குருவி வந்து உட்காரும். ஆபீசே அவளைச் சுற்றி நிற்கும். நான் தட்டியதும் அது பறந்துவிடும். என்னை யாரும் கவனிக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

"அட்டைய மாத்திக்குவோமா தங்கச்சி?" என்றேன். அட்டைக்கட்டை என் பக்கம் தள்ளினாள்.

இன்று என் ஜன்னல் நிறையப் பறவைகள்.

"இந்தப் புள்ளைக்குத்தான் கைராசி," என்றார் கிளாக்கர்.

யோகராணி நிமிரவில்லை. அவள் தட்டத் தட்ட ஒவ்வொன்றாகப் பறந்தன. கடைசிப் பறவையும் போனது. கீபோர்டிலிருந்து விரலை எடுக்காமலே என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, உங்க முழுப் பேரு என்னாங்க?"